ஒரு தனவந்தரும் எட்டாயிரம் சந்தாக்காரரும்

போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கோல் கம்பத்துக்கு வலை இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து இல்லை. மைதானத்து விளக்கின் கரண்ட் பில் மூன்று மாதமாகக் கட்டவில்லை. ஒரு மணித்தியாலம் பேசினோம். முடிவு வழக்கமான முடிவுதான்.

"கொழும்பில பிஸ்னஸ் செய்ற நம்மட ஆள் ஒருத்தரப் புடிப்பம். அவர்ர பேர ஜேர்சியில போட்டா எல்லாம் சரி வரும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனசு உறுத்தியது. ஏனென்றால், "ஒருத்தரப் புடிப்பம்" என்ற அந்த யோசனை ஒரு பெரிய கழகத்தை எங்கே கொண்டு போய் விட்டது என்பதையும், அது எப்படித் திரும்பி எழுந்தது என்பதையும் நான் ஒரு வருடம் முழுக்கப் பின்தொடர்ந்தவன். அதைக் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நான் சொல்வது ஸ்கொட்லாந்தின் இரண்டாம் நிலை லீக்கான சம்பியன்ஷிப்பின் 2014–15 பருவத்தைப் பற்றி. அப்போது நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். சனிக்கிழமை அங்கே பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் எங்களுக்கு இரவு ஏழரைக்கு, அவர்களின் குளிர்காலத்தில் எட்டரைக்கு. விடுதி அறையில் மற்றவர்கள் எல்லாம் மன்செஸ்டர், செல்சி, பார்சிலோனா. நான் மட்டும் போனில் கவுடன்பீத், அலோவா, டம்பார்டன் என்று ஸ்கோர் பார்ப்பேன். "ரெண்டாந்தர லீக்கப் போய்ப் பார்க்கிறியே மச்சான்" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த வருடம் ஐரோப்பாவில் அதைவிடச் சுவாரசியமான லீக் எனக்குத் தெரிந்து இருக்கவில்லை.

காரணம் இதுதான். பத்து அணிகள் மட்டுமே உள்ள அந்தச் சிறிய லீக்கில் ஒரே நேரத்தில் மூன்று பெரிய கழகங்கள் வந்து விழுந்திருந்தன. எடின்பரோ நகரின் ஹார்ட்ஸ், அதே நகரின் ஹிபர்னியன், கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ். மற்ற ஏழில் ஃபோல்கேர்க், ரெய்த் ரோவர்ஸ், குயின் ஒஃப் த சவுத், லிவிங்ஸ்டன் போன்றவை நடுத்தரக் கழகங்கள். அலோவா போன்றவற்றின் வீரர்கள் பகலில் வேறு தொழில் பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். ஒவ்வொரு அணியும் மற்ற ஒவ்வொரு அணியுடனும் நான்கு தடவை மோத வேண்டும். மொத்தம் 36 ஆட்டங்கள். முதலிடம் பெறும் அணிக்கு மட்டும் நேரடியாக மேல் லீக்குக்குப் பதவியுயர்வு. இரண்டாம், மூன்றாம், நான்காம் இடங்கள் தமக்குள் மோதி, கடைசியில் மேல் லீக்கின் பதினோராம் அணியையும் வெல்ல வேண்டும். ஆகவே மூன்று யானைகளுக்கு ஒரு வாசல்.

இந்த மூன்றும் கீழே வந்த வழி ஒன்றல்ல. ஹிபர்னியன் மைதானத்தில் தோற்று வந்தது. ஹார்ட்ஸும் ரேஞ்சர்ஸும் கணக்குப் புத்தகத்தில் தோற்று வந்தவை. நான் பேசப் போவது அந்த இரண்டைப் பற்றி.

முதலில் ஹார்ட்ஸ். 1874இல் தொடங்கிய கழகம். முதலாம் உலகப் போர் தொடங்கிய 1914இல், லீக்கில் முன்னணியில் நின்ற நேரத்திலேயே, அதன் வீரர்கள் கூட்டமாகப் படையில் சேர்ந்தார்கள். பலர் திரும்பி வரவில்லை. எடின்பரோவில் அவர்களுக்கு ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. இப்படி ஒரு வரலாறு உள்ள கழகம் 2004 அளவில் கடனில் தத்தளித்தது. டைன்காஸில் என்ற அதன் மைதானத்தையே வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிடலாம் என்று அப்போதைய நிர்வாகம் தீர்மானித்திருந்தது. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள்.

அந்த நேரத்தில் வந்தார் ஒரு தனவந்தர். லித்துவேனியாவின் வங்கிக்காரர் விளாடிமிர் ரொமானோவ். மைதானத்தை விற்க விடமாட்டேன் என்றார். கடனைத் தன் பக்கம் எடுத்தார். வீரர்களை வாங்கினார். 2006இல் ஸ்கொட்டிஷ் கிண்ணம் கிடைத்தது. 2012இல் மறுபடியும் கிடைத்தது. அதுவும் இறுதி ஆட்டத்தில் பரம எதிரியான ஹிபர்னியனை 5–1 என்று வென்று. யார் அவரைக் குறை சொல்வார்கள்?

ஆனால் உள்ளே என்ன நடந்தது? பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். லித்துவேனியாவிலிருந்த அவருடைய இன்னொரு கழகத்திலிருந்து வீரர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். கழகத்தின் செலவு அதன் வருமானத்தைத் தாண்டிப் போனது. மிச்சத்தை அவருடைய வங்கியும் கம்பனியும் கடனாகத் தந்தன. அதாவது அவர் கொடுத்ததில் பெரும்பகுதி நன்கொடை அல்ல, கழகத்தின் தலையில் எழுதப்பட்ட கடன். 2012இல் கிண்ணம் வென்ற அதே பருவத்தில் வீரர்களின் சம்பளம் திரும்பத் திரும்பத் தாமதமானது. அதே வருடம் நவம்பரில், வரி நிலுவையைக் கட்ட முடியாமல், அடுத்த ஆட்டம் எங்கள் கடைசி ஆட்டமாக இருக்கலாம் என்று கழகமே ரசிகர்களுக்கு அறிவித்தது. ரசிகர்கள் தங்கள் கையிலிருந்த காசைப் போட்டுப் பங்கு வாங்கிக் காப்பாற்றினார்கள்.

அது தற்காலிக மருந்துதான். 2013 பெப்ரவரியில் ரொமானோவின் உக்கியோ வங்கி லித்துவேனியாவில் வீழ்ந்தது. ஜூன் மாதம் ஹார்ட்ஸ் வங்குரோத்து நிலையில் நிர்வாகிகளின் கையில் ஒப்படைக்கப்பட்டது. கடன் ஏறக்குறைய 25 மில்லியன் பவுண். ஒரு மனிதரின் வங்கி எங்கோ ஒரு நாட்டில் விழ, இங்கே எடின்பரோவில் அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு வேலை போனது.

தண்டனை யாருக்கு? ரொமானோவுக்கு அல்ல. 2013–14 பருவம் தொடங்கும்போதே ஹார்ட்ஸின் புள்ளியில் 15 கழிக்கப்பட்டது. புதிய வீரர்களை எடுக்கத் தடை. எஞ்சியது பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள். அந்தப் பையன்கள் வருடம் முழுக்க ஓடி ஓடி 38 புள்ளிகள் எடுத்தார்கள். அட்டவணையில் எழுதப்பட்டது 23. கடைசி இடம். கீழ் லீக்குக்கு இறக்கம். கடன் வாங்கும்போது பாடசாலையில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்தக் கடனுக்கு மைதானத்தில் வட்டி கட்டினார்கள். ஒரு ஆசிரியனாக எனக்கு இந்த இடம் மட்டும் இன்றைக்கும் பொறுக்கவில்லை. பெரியவர்கள் கணக்குக் கேட்காமல் விட்டால் அதற்கு விலை கொடுப்பது அடுத்த தலைமுறை.

இனிமேல்தான் கதையின் முக்கியமான பகுதி.

கழகம் விழுவதற்கு முன்பே ரசிகர்கள் ஒரு அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். பெயர் 'ஃபவுண்டேஷன் ஒஃப் ஹார்ட்ஸ்'. அந்த நாட்களில் எடின்பரோவின் பாராளுமன்ற உறுப்பினர் இயன் மரே அதற்குத் தலைமை தாங்கினார். திட்டம் மிக எளிது. மாதம் 10 பவுணிலிருந்து, முடிந்தவர் முடிந்ததைத் தருவது. வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகக் கழியும். நமது பாஷையில் சொன்னால் சந்தா. பள்ளிவாசலுக்கு மாதச் சந்தா கட்டிப் பழகிய நமக்கு இது விளங்காத விஷயமே அல்ல.

ஏறக்குறைய 8,000 பேர் சேர்ந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 8,000 பேர், ஆளுக்கு 10 பவுண் என்றாலே மாதம் 80,000. வருடம் 9 லட்சத்து 60 ஆயிரம். பத்துப் பவுண் என்பது அங்கே ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. அதைக் கொடுத்தவர்கள் பஸ் சாரதி, தாதி, ஓய்வூதியக்காரர், மாணவர் என்று எல்லா வகை மனிதர்களும்தான்.

ஆனால் கழகத்தைக் கடன்காரர்களிடமிருந்து மீட்க ஒரே தடவையில் பெரிய தொகை வேண்டும். மாதச் சந்தா அதற்குப் போதாது. அங்கேதான் ஆன் பட்ஜ் என்ற எடின்பரோ தொழிலதிபர் வந்தார். கணினிச் சேவைத் துறையில் சொந்த முயற்சியால் முன்னேறிய பெண்மணி. 2.5 மில்லியன் பவுணைப் போட்டு 2014இல் கழகத்தைப் பொறுப்பெடுத்தார்.

"அப்ப இதுவும் ஒரு தனவந்தர்தானே சேர்?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. நானும் அதைப் பல தடவை யோசித்திருக்கிறேன். வித்தியாசம் காசில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. பட்ஜ் வந்த முதல் நாளே ஒப்பந்தம் தெளிவு. அவர் போட்டது கடன். ரசிகர்களின் சந்தாவிலிருந்து அது திருப்பிக் கட்டப்படும். கட்டி முடிந்ததும் பங்குகள் ரசிகர் அமைப்புக்குக் கைமாறும். அதாவது அவர் உள்ளே வரும்போதே வெளியே போகும் கதவு எழுத்தில் இருந்தது. ரொமானோவிடம் அப்படி ஒரு காகிதத்தை யாரும் கேட்கவில்லை.

வந்தவுடன் அவர் செய்தவையும் கவனிக்கத்தக்கவை. முன்பு அங்கேயே பயிற்சியாளராக இருந்த கிரெய்க் லெவினை உதைபந்தாட்டப் பணிப்பாளராக்கினார். முன்னாள் வீரர் ரொபி நீல்சனைப் பயிற்சியாளராக்கினார். நீல்சனுக்கு அது முதல் தலைமைப் பொறுப்பு. முந்தைய வருடம் அடி வாங்கிய இளைஞர்களில் ஜேமி வோக்கர், கலம் பேட்டர்சன், சாம் நிக்கல்சன் போன்றவர்களை வைத்துக்கொண்டு, அவர்களைச் சுற்றி அனுபவமுள்ள சிலரைச் சேர்த்தார்கள். இன்னொன்று: மைதானத்தில் துப்புரவு செய்கிறவர், வாசலில் நிற்கிறவர் உட்பட ஊழியர்களுக்கு வாழ்வதற்குப் போதுமான குறைந்தபட்ச ஊதியம் தருவதென்று அந்த நாட்களிலேயே கழகம் உறுதி எடுத்தது. வங்குரோத்திலிருந்து வெளியே வந்த உடனே. காசு வந்த பிறகு பார்ப்போம் என்று தள்ளிப் போடவில்லை.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம்.

2014 ஓகஸ்ட் 10. முதல் ஆட்டமே ரேஞ்சர்ஸின் ஐப்ரொக்ஸ் மைதானத்தில். ஹார்ட்ஸ் 1–0 முன்னிலை. மேலதிக நேரத்தில் ரேஞ்சர்ஸ் சமன் செய்கிறது. மைதானம் அதிர்கிறது. ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் கொண்டாடி முடிப்பதற்குள் ஹார்ட்ஸின் ஒஸ்மான் சோவ் ஓடிப் போய் வெற்றி கோலைப் போட்டார். 2–1. நான் விடுதி அறையில் கத்திய சத்தத்துக்குப் பொறுப்பாசிரியர் வந்து கதவைத் தட்டியது இன்னும் ஞாபகம்.

அடுத்த வாரம் சொந்த மைதானத்தில் ஹிபர்னியனுடன். அதிலும் 2–1 வெற்றி. ஒக்டோபரில் ஹிபர்னியனின் ஈஸ்டர் ரோட் மைதானத்தில் தோல்வி வாசல் வரைக்கும் வந்துவிட்டது. கடைசி நிமிடங்களில் அலிம் ஒஸ்துர்க் மிகத் தூரத்திலிருந்து ஓங்கி அடித்த பந்து வலைக்குள் போய் 1–1. ஜனவரி வரை லீக்கில் ஹார்ட்ஸுக்கு ஒரு தோல்வி கூட இல்லை. அந்த மாதம் ரேஞ்சர்ஸுடனான ஆட்டம் பனி கொட்டியதால் இடையில் நிறுத்தப்பட்டது. இங்கே நாங்கள் விசிறி போட்டுக்கொண்டு, அங்கே பந்து தெரியாத அளவு பனி என்று வாசித்துச் சிரித்தோம்.

பெப்ரவரி 28ஆம் திகதி கவுடன்பீத்தை 10–0 என்று வென்றார்கள். அதை நான் கொண்டாடவில்லை. கவுடன்பீத் பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். சிறிய கழகம். அந்தப் பருவத்தில் அதுவே கடைசி இடம் பெற்று இன்னும் கீழே இறங்கியது. பத்துக் கோல் வாங்கிய பிறகும் அடுத்த வாரம் பூட்ஸ் கட்டி வந்தார்களே, அதற்கும் ஒரு மரியாதை உண்டு. ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வங்குரோத்திலிருந்து வந்த கழகம் என்றாலும், டைன்காஸிலில் 17,000 பேருக்கு மேல் கொள்ளும். அது ஆட்டத்துக்கு ஆட்டம் நிரம்பி வழிந்தது. சில நூறு பேர் முன்னால் விளையாடும் சிறிய கழகங்களோடு ஒப்பிட்டால் ஹார்ட்ஸ் ஏழை அல்ல. ஆகவே இதை ஏழை பணக்காரனை வென்ற கதையாக நான் சொல்ல மாட்டேன். இருந்ததை ஒழுங்காகச் செலவழித்த கதை என்று சொல்வேன்.

மார்ச் மாதம், ஏழு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே, சம்பியன் பட்டம் உறுதியானது. அந்த நாளில் ஹார்ட்ஸ் விளையாடக்கூட இல்லை. ஹிபர்னியன் ரேஞ்சர்ஸிடம் தோற்றதால் கணக்கு முடிந்தது. பருவ முடிவில் ஹார்ட்ஸுக்கு 91 புள்ளிகள். 29 வெற்றி, 4 சமநிலை, 3 தோல்வி. ஹிபர்னியனுக்கு 70. ரேஞ்சர்ஸுக்கு 67.

இனி அந்த 67க்கு வருகிறேன். என் வாதத்துக்கு இது மிக அவசியம்.

"சனம் கூடினால் போதும், காசு சேர்ந்தால் போதும்" என்று யாராவது நினைத்தால் ரேஞ்சர்ஸைப் பாருங்கள். ரசிகர் பலத்தில் ஹார்ட்ஸைவிட எத்தனையோ மடங்கு பெரியது. 2011இல் அந்தக் கழகத்தின் பெரும்பான்மைப் பங்கு ஒரே ஒரு பவுணுக்குக் கைமாறியது. ஆம், 1 பவுண். வாங்கியவர் கிரெய்க் வைட் என்ற தொழிலதிபர். அடுத்த வருடம் பெப்ரவரியில், வரி கட்டாத நிலையில், கழகம் வங்குரோத்து நிர்வாகத்துக்குப் போனது. அதை நடத்திய கம்பனி கலைக்கப்பட, 2012இல் நான்காம் நிலை லீக்கிலிருந்து மறுபடி தொடங்க வேண்டி வந்தது. கடன் வர வேண்டியவர்களின் பட்டியலில் வரித் திணைக்களத்திலிருந்து சிறிய கடைக்காரர் வரை இருந்தார்கள்.

அப்போது ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் செய்ததை மறக்க முடியாது. நான்காம் நிலை ஆட்டத்துக்கு ஏறக்குறைய 50,000 பேர் வந்தார்கள். அந்த நிலை ஆட்டமொன்றுக்கு அது மிகப் பெரிய கூட்டம். விசுவாசத்தில் குறை இல்லை. டிக்கட் காசிலும் குறை இல்லை. அப்படியென்றால் 2014–15இல் ஏன் தடுமாறினார்கள்?

காசு உள்ளே போனது, கணக்கு வெளியே வரவில்லை. இயக்குநர் சபைக்குள் சண்டை. வெளியிலிருந்து பெரும் முதலாளி ஒருவர் தந்த கடன்கள். அதற்கு ஈடாக எதைக் கொடுத்தார்கள் என்று ரசிகர்களுக்குச் சந்தேகம். பலர் வெறுத்து மைதானத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். டிசம்பரில் பயிற்சியாளர் அலி மக்கொய்ஸ்ட் விலகல் அறிவித்தார். அந்தப் பருவத்தில் மூன்று பேர் அந்த நாற்காலியில் இருந்தார்கள். 2015 மார்ச்சில் பங்குதாரர் கூட்டத்தில் பழைய சபையே வீட்டுக்கு அனுப்பப்பட்டது. கடைசியில் பதவியுயர்வுக்கான இறுதி மோதலில் மதர்வெல்லிடம் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 6–1 என்று தோற்று, இன்னொரு வருடம் அதே லீக்கில் இருக்க வேண்டியதாயிற்று.

இரண்டு கழகங்களின் ரசிகர்களும் தங்கள் சட்டைப் பையிலிருந்துதான் கொடுத்தார்கள். ரேஞ்சர்ஸ் ரசிகர் டிக்கட் வாங்கினார், ஆட்டம் பார்த்தார், கேள்வி கேட்க அவருக்கு ஆசனம் இல்லை. ஹார்ட்ஸ் ரசிகரின் காசு அவருடைய சொந்த அமைப்பினூடாகப் போனது. அந்த அமைப்பில் அவருக்கு வாக்கு இருந்தது. எங்கே போகிறது என்று அறிக்கை வந்தது. கொடுக்கிறவனுக்குக் கணக்குக் கேட்க இடம் இருந்ததா இல்லையா என்பதுதான் என் பார்வையில் 91க்கும் 67க்கும் இடையிலிருந்த பெரிய வித்தியாசம். மற்றக் காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. நல்ல பயிற்சியாளர், நல்ல வீரர் தெரிவு, கொஞ்சம் அதிர்ஷ்டம். ஆனால் வீடு எரிந்துகொண்டிருந்தால் நல்ல சமையல்காரர் வந்தும் பலனில்லை.

அதற்குப் பிறகு என்ன ஆனது என்றும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நான் பாதிக் கதை சொன்னவனாவேன். ரசிகர் காசு போட்டால் தோல்வியே வராது என்பது பொய். 2020இல் கொரோனாவால் பருவம் இடையில் நிறுத்தப்பட்டபோது ஹார்ட்ஸ் கடைசி இடத்தில் இருந்தது. மறுபடியும் அதே இரண்டாம் நிலைக்கு இறக்கினார்கள். 2021இல் மறுபடியும் அதை வென்று மேலே வந்தது. விழுந்ததைக் கவனியுங்கள். விழுந்த விதத்தையும் கவனியுங்கள். இந்தத் தடவை ஊழியர் தெருவில் நிற்கவில்லை, கழகம் மூடப்படுமா என்று யாரும் அழவில்லை. அந்த வருடங்களுக்குள் புதிய பிரதான அரங்கமும் கட்டி எழுப்பியிருந்தார்கள். பெரிய கொடையாளிகளும் உதவினார்கள்.

2021 ஓகஸ்ட் 30. ஆன் பட்ஜ் சொன்ன சொல்படி தன்னிடமிருந்த பங்குகளை ரசிகர் அமைப்புக்குக் கைமாற்றினார். பிரித்தானியாவில் ரசிகர்களுக்குச் சொந்தமான மிகப் பெரிய உதைபந்தாட்டக் கழகமாக ஹார்ட்ஸ் ஆனது. அதற்குள் ரசிகர்கள் கொடுத்திருந்த சந்தா 10 மில்லியன் பவுணைத் தாண்டியிருந்தது. கடன் தீர்ந்துவிட்டது, இனி ஏன் கட்ட வேண்டும் என்று நிறுத்தலாமே? ஆயிரக்கணக்கானோர் இன்னும் கட்டுகிறார்கள்.

2025இல் டோனி ப்ளூம் என்ற பெரும் பணக்காரர் 9.86 மில்லியன் பவுண் முதலிட வந்தார். அவரை விரட்டவில்லை. அங்கத்தவர்களிடம் வாக்கெடுத்து 29 வீதப் பங்கு கொடுத்தார்கள். ஆனால் அது வாக்குரிமை இல்லாத பங்கு. பெரும்பான்மை ரசிகர் அமைப்பிடமே இருக்கிறது. வாருங்கள், இருங்கள், உதவுங்கள், வீட்டுச் சாவி மட்டும் எங்களிடம் இருக்கும் என்று சொல்லும் துணிவு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? பத்துப் பவுண் சந்தாவிலிருந்து வந்தது. சொந்தக் காலில் நிற்கிறவன்தான் பணக்காரனோடு மரியாதையாகப் பேச முடியும்.

இதனால்தான் போன வெள்ளிக்கிழமை தலையாட்டியதற்கு வெட்கப்படுகிறேன்.

நான் தனவந்தர்களுக்கு எதிரானவன் அல்ல. அவர்களின் உதவியால் நமது ஊரில் எத்தனையோ நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. நான் கேட்பது வேறு. அவர் வருவதற்கு முன் நாங்கள் என்ன செய்தோம்? அவர் போன பிறகு என்ன செய்வோம்? அவரிடம் கணக்குக் கேட்க நமக்கு வாய் வருமா? சும்மா வாங்கியவனுக்குக் கேள்வி கேட்க வாய் வராது. இது விளையாட்டுக் கழகத்துக்கு மட்டுமல்ல, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும், வாசிகசாலைக்கும், மையவாடி மதிலுக்கும் பொருந்தும்.

எங்கள் ஊரில் 400 குடும்பம் மாதம் 100 ரூபா தந்தால் 40,000 ரூபா. வருடத்துக்கு 4 லட்சத்து 80 ஆயிரம். இன்றைக்கு ஒரு பிளேன் டீயும் ஒரு வடையும் குடித்துச் சாப்பிட்டால் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். வலை, பந்து, விளக்கு எல்லாவற்றுக்கும் போதும். முடியாத குடும்பம் தர வேண்டாம், அவர்களின் பிள்ளைக்கும் அதே பந்து. ஒவ்வொரு மாதமும் வரவு செலவு ஒரு தாளில் எழுதி மைதானத்து மதிலில் ஒட்டப்பட வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை பொதுக்கூட்டம். 100 ரூபா தந்தவருக்கும் ஒரு வாக்கு, 10,000 தந்தவருக்கும் ஒரு வாக்கு.

"இதெல்லாம் நம்மட ஊருல சரி வராது சேர்" என்று சொல்லப் போகிறவர்கள் யார் யார் என்றும் எனக்குத் தெரியும். முதல் மூன்று மாதம் தருவார்கள், பிறகு நின்றுவிடும் என்பார்கள். இருக்கலாம். அந்த வேலையின் கஷ்டம் அதுதான். ஹார்ட்ஸ் ரசிகர்கள் ஒரு நாள் ஆவேசத்தில் செய்யவில்லை. 2013இல் தொடங்கி 2021 வரை எட்டு வருடம், மாதம் தவறாமல், அணி வென்ற மாதமும் தோற்ற மாதமும் கட்டினார்கள். அவர்கள் வானத்திலிருந்து வந்தவர்கள் அல்ல. அவர்களும் ஒரு காலத்தில் ஒரு ரொமானோவுக்குத் தலையாட்டியவர்கள்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அஸருக்குப் பிறகு அதே மைதானத்தில் கூட்டம் இருக்கிறது. நான் ஒரு கொப்பியோடு வருவேன். முதல் பக்கத்தில் என் பெயருக்கு நேரே 100 ரூபா எழுதியாகிவிட்டது. இரண்டாவது வரி காலியாக இருக்கிறது.